பனிமான் கேள்வியும் சிவப்புப் பட்டனும்

அந்த டிசம்பரில் எனக்கு உலகத்திலேயே அவசரமாகத் தெரிந்தாக வேண்டியிருந்த விஷயம், பனிமானுக்குக் கொம்பு எப்போது உதிரும் என்பது. படப்பையில் கம்பெனி பஸ் ஏறி ஒரகடம் மேம்பாலம் வருவதற்குள் பதிலை மனப்பாடம் செய்து, பக்கத்து சீட்டில் தூங்கி விழுகிறவரை உலுக்கி எழுப்பி, அவர் வாயாலும் அதைச் சொல்ல வைப்பேன். பஸ்ஸில் எல்லாரும் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருப்பார்கள். நான் மட்டும் போனைப் பார்த்து, "கிறிஸ்துமஸ் தீவு எந்தப் பெருங்கடல்ல இருக்குது?" என்று கேட்டுக்கொண்டிருப்பேன்.

"இந்தியப் பெருங்கடல். விடுலே, கொஞ்சம் கண்ண மூடிக்கிடுதேன்" என்பார்.

விட மாட்டேன். விட்டால் அவருடைய மகளின் ஞானஸ்நானம் போய்விடும்.

நாங்கள் கார் சீட் செய்கிற ஒரு கம்பெனியில் வேலை பார்த்தோம். நான் பாலிடெக்னிக் முடித்து டிரெய்னியாகச் சேர்ந்தவன். மணிமங்கலத்தை ஒட்டிய ஊர், வீட்டிலிருந்தே வந்து போகிறவன். லைனில் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. படிப்போ ஊரோதான் பெயர். என்னை டிப்ளமா என்பார்கள். பஸ்ஸில் தூங்கி விழுகிறவர் என் பக்கத்து ஸ்டேஷன்காரர், காண்ட்ராக்ட் ஆள், படப்பையில் ரூம் எடுத்துத் தங்கியிருந்தார். அவர் தூத்துக்குடி. நான் மட்டும் அவரை ப்ரோ என்பேன். எங்களுக்கு எதிர்ப்பக்கம் சீட்டுக்கு உறை இழுத்து மாட்டுகிற அக்கா, காஞ்சிபுரம்.

சேர்ந்த புதிதில் லைன் வேகத்துக்கு என்னால் ஓட முடியவில்லை. சீட் வந்து நிற்கும். டார்க் கன் என்று போல்ட்டை அளந்து முடுக்குகிற துப்பாக்கி ஒன்று மேலே தொங்கும். அதை இழுத்து நான்கு போல்ட் போட வேண்டும். மூன்றாவதைத் தொடும்போதே சீட் நகர்ந்துவிடும். ப்ரோ தன் வேலையையும் செய்துகொண்டு, நான் விட்ட போல்ட்டையும் போட்டு அனுப்பினார். எனக்குக் கை பழகும்வரை போட்டார். நன்றி சொல்லப் போனால், "பேசாம வேலயப் பாருலே, அடுத்த சீட்டு வருது" என்றார்.

அவருக்கு மகள் பிறந்திருந்தாள். இருந்த லீவையெல்லாம் பிரசவத்துக்கே போட்டுத் தீர்த்துவிட்டார். ஞானஸ்நானத்தைக் கிறிஸ்துமஸ் அன்று வைத்துவிட்டார்கள். சென்னையிலும் வளைகுடாவிலும் கிடக்கிற ஆண்கள் ஊர் திரும்புகிற நாள் என்பதால் அவர்கள் ஊரில் அன்றுதான் நிறையக் குழந்தைகளுக்குக் கொடுப்பார்களாம். எங்கள் கம்பெனியில் அன்று லைன் ஓடும் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். ஏற்றுமதி ஆர்டர். பதில் லீவை வேறொரு நாளில் எடுத்துக்கொள்ளலாமாம். ஞானஸ்நானத்தையும் வேறொரு நாளில் எடுத்துக்கொள்ளச் சொல்வார்கள் போலிருந்தது.

அவர் முதலில் லைன் லீடரிடம் போய் நின்றார். லீடர் ஒரகடத்துக்காரர். கெட்டவர் இல்லை. ஆனால் எப்போதும் யாரோ துரத்துகிற மாதிரியே இருப்பார்.

"தூத்துக்குடி, நீ என் கால்ல வுழுந்தாலும் என்கிட்ட இன்னா கீது சொல்லு? ஆள் இல்லப்பா. அன்னிக்கு மேலருந்து பெரிய தலயெல்லாம் லைன்ல வந்து நிக்கும். ஒருத்தன் கொறஞ்சா என் தலய எடுத்துடுவானுங்க."

"ஒருநாள்தாம் அண்ணாச்சி. முந்தினநாள் ஷிப்ட் முடிச்சிட்டுக் கெளம்பி, மறுநாள் ஷிப்டுக்கு வந்து நின்னுருவேன்."

"வராதேன்னு நானா சொல்றேன்? போவாதேன்னுதான் சொல்றேன்."

காண்ட்ராக்டரிடம் போனார். எச்.ஆர். மேடத்திடம் போனார். தனக்குப் பதிலாக நிற்க யாராவது வருவார்களா என்று அடுத்த ஷிப்டில் ஒவ்வொருவராகக் கேட்டார். கேட்டுக்கேட்டு அவர் குரலே சின்னதாகிவிட்டது. ஒரு நாள் பஸ்ஸில் என்னிடம் சொன்னார்.

"ஞானஸ்நானத்துல சாமியார் கேள்வி கேப்பாருலே. பிள்ளைக்கு என்ன பேருன்னு கேப்பாரு. இந்தப் பிள்ளைய விசுவாசத்துல வளப்பியான்னு கேப்பாரு. அப்பன்தான் பதில் சொல்லணும். அப்பன் இல்லன்னா வேற ஆளு சொல்லலாம். தப்பில்ல."

"அப்புறம் என்ன ப்ரோ?"

"என் ஞானஸ்நானத்துக்கு எங்கப்பா கடல்ல கெடந்தாரு. எங்க மாமாதான் பதில் சொன்னாரு. பெறவு எல்லாத்துக்கும் மாமாதான் பதில் சொன்னாரு. பள்ளிக்கூடத்துல, கல்யாணத்துல, எல்லாத்துலயும். எங்கப்பா திரும்பி வந்து வீட்டுல இருக்கும்போதும், யாராச்சும் ஒண்ணு கேட்டா மாமா மொகத்ததாம் பாப்பாவ." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "எம் மச்சினன் நல்லவன்தான். ஆனா அவன் சொல்லக்கூடாதுலே."

எனக்கு அதற்குப் பதில் தெரியவில்லை. பதில் தெரியாத கேள்வி என்றால் எனக்கு உடம்பெல்லாம் அரிக்கும். பள்ளிக்கூடத்திலிருந்தே அப்படி. வினாடி வினா என்றால் ஓடுவேன். பாலிடெக்னிக்கில் அதற்காகவே வகுப்பைக் கட் அடித்திருக்கிறேன். லைனில் சேர்ந்த பிறகு, அத்தனை நாட்டுத் தலைநகரங்களும் தலைக்குள் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தன. நான்கு போல்ட்டுக்கு ஒரு தலைநகரமும் தேவைப்படவில்லை.

அந்த வாரம்தான் கேன்டீன் போர்டில் நோட்டீஸ் வந்தது. கிறிஸ்துமஸ் கொண்டாட்டம், பொது அறிவு வினாடி வினா, மூன்று பேர் கொண்ட அணி. முதல் பரிசு: கேக்கும், டிசம்பர் இருபத்தைந்து அன்று அணியில் மூவருக்கும் சம்பளத்தோடு சிறப்பு விடுப்பும்.

நான் அதை நின்ற இடத்திலேயே திரும்பத் திரும்பப் படித்தேன். பிறகு சாப்பாட்டுத் தட்டோடு ஓடிப்போய் ப்ரோவின் முன்னால் நின்றேன்.

"ஜெயிச்சுக் குடுக்கறேன் ப்ரோ. நீங்க ஊருக்குப் போறீங்க."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் நம்பிக்கை இல்லை. நம்புவதைத் தவிர வேறு வழியும் இல்லை.

மூன்றாவது ஆளாகக் காஞ்சிபுரத்தக்காவைச் சேர்த்தோம். அக்கா யோசிக்கவே இல்லை. "அந்த மனுசன் ஒரு வாரமா சோத்தப் பெசஞ்சிகினே குந்தினுகீறான். வரேன் போ. எனக்கு ஒண்ணும் தெரியாது, சொல்லிட்டேன்" என்றார்.

போட்டியை நடத்துவது எச்.ஆர். மேடம்; அவர் கேள்விகளை எங்கிருந்து எடுப்பார் என்று எனக்குத் தெரியும். இணையத்திலிருந்துதான். கிறிஸ்துமஸ் குவிஸ் என்று தேடினால் வருகிற பக்கமெல்லாம் இங்கிலாந்துக்காரன், அமெரிக்காக்காரன் எழுதியது. ஆகவே நானும் அதையெல்லாம் படித்தேன். ஜப்பானில் கிறிஸ்துமஸுக்கு என்ன வாங்கக் கூட்டம் வரிசையில் நிற்கும்? வறுத்த கோழி. எத்தியோப்பியாவில் கிறிஸ்துமஸ் எந்த மாதம்? ஜனவரி. சிவப்பு இலை விடுகிற கிறிஸ்துமஸ் செடியின் பூர்வீகம்? மெக்சிகோ. ஆஸ்திரேலியாவில் அப்போது என்ன பருவம்? கோடை. வீட்டில் சாப்பிடும்போதும் படித்தேன். எங்கள் வீட்டில் மார்கழிக் கோலத்துக்கு மாவு அரைத்துக்கொண்டிருந்த அம்மா, "கம்பெனில மதம் மாத்திட்டாங்களாடா?" என்று நிஜமாகவே பயந்து கேட்டார்.

ப்ரோவுக்குத்தான் ஒன்றும் ஏறவில்லை. பிறந்ததிலிருந்து கிறிஸ்துமஸ் கொண்டாடியவர், என் கேள்விகளில் பாதிக்கு முழித்தார். குடில் கட்ட வைக்கோலும் கடல் மணலும் எடுத்து வருவது அவருக்குத் தெரியும். அச்சு முறுக்கு எண்ணெயில் அச்சை விட்டுக் கழன்று வருகிற நேரம் தெரியும். நள்ளிரவுப் பூசைக்குக் கிழவர்கள் கோட்டு போட்டு வருவது தெரியும். அதை யாரும் கேட்கப்போவதில்லை. நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஏலே, நானும் பாக்கேன். மான் வருது, வான்கோழி வருது, சாக்ஸு வருது. இத்தன கேள்வில ஒண்ணுலயாச்சும் ஏசு பாலன் பொறக்காரால?"

"பாலன் கேள்வியெல்லாம் ஈஸி ப்ரோ, அத கேக்க மாட்டாங்க."

"நல்ல கிறிஸ்துமஸு" என்றார்.

டீ பிரேக்கில் அக்காவுக்குப் பாடம். அங்கேதான் பனிமான் கேள்வி வந்தது.

"சான்டா தாத்தா வண்டியை இழுக்கிற பனிமான்கள் ஆணா, பெண்ணா?"

அக்கா டீ கிளாசைக் கீழே வைத்தார். "படத்துல கொம்பு கீதே. ஆம்பளதான்."

"அங்கதான்க்கா எல்லாரும் தப்பு பண்ணுவாங்க. பனிமான்ல ரெண்டுக்குமே கொம்பு உண்டு. ஆண் மானுக்குக் குளிர்காலம் வந்தா உதிர்ந்துடும். பொண்ணுக்குத்தான் அப்பவும் இருக்கும். அப்ப கிறிஸ்துமஸ் அன்னிக்கு கொம்போட வண்டி இழுக்கறது..."

"பொம்பளைங்க!" அக்கா தொடையில் தட்டிச் சிரித்தார். "இத்த கண்டுபுடிக்க படிக்கணுமாடா? பாரம் இழுக்கறது யாருன்னு எங்க லைன்ல வந்து கேட்டிருந்தா சொல்லிருப்போமே. அந்தத் தாத்தன் மட்டும் நோவாம மேல குந்திகினு வரான் பாரு, அவன்தான் சூப்பர்வைசரு."

ப்ரோ அன்றைக்குச் சிரித்தார். அந்த மாதத்தில் அவர் சிரித்து நான் பார்த்தது அது ஒன்றுதான். அதற்குப் பிறகு நாங்கள் மூவரும் லைனில் ஒருவரையொருவர் பார்த்தாலே அக்கா இரண்டு கையையும் தலைக்கு மேல் கொம்பு மாதிரி வைத்துக் காட்டுவார்.

இங்கே பட்டனைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் லைனில் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் காளான் தலை மாதிரி ஒரு சிவப்புப் பட்டன் உண்டு. அமுக்கினால் லைன் முழுக்க நிற்கும். மேலே சிவப்பு விளக்கு சுற்றும். ஒரு மெட்டு கத்த ஆரம்பிக்கும். "தவறு கண்டால் யாரும் நிறுத்தலாம்" என்று பக்கத்திலேயே பலகை வைத்திருப்பார்கள். நான் சேர்ந்த முதல் மாதம் அந்தப் பலகையை நம்பி ஒரு தடவை அமுக்கிவிட்டேன். எங்கள் சீட்டுகள் கார் கம்பெனிக்கு வரிசைப்படி போய்ச் சேர வேண்டும். இங்கே நின்றால் லாரி நிற்கும், லாரி நின்றால் அங்கே கார் நிற்கும். அன்று எத்தனை பேர் என்னைச் சுற்றி நின்று கத்தினார்கள் என்று எனக்குத் தெரியாது. மறுநாள் ஷிப்ட் மீட்டிங்கில் என்னை முன்னால் கூப்பிட்டு நிறுத்தி, எல்லாரையும் பார்க்கச் சொன்னார்கள்.

அதற்குப் பிறகுதான் ப்ரோ எனக்கு அந்த லைனின் உண்மையான வழக்கத்தைச் சொல்லிக்கொடுத்தார். முதலில் இடது கையைத் தூக்க வேண்டும். வலது கை பட்டனுக்கு மேலே நிற்கலாம், தொடக்கூடாது. லீடரைப் பார்க்க வேண்டும். அவர் வந்து பார்த்துத் தாடையை ஒரு வெட்டு வெட்டினால் அமுக்கலாம். தாடை அசையாவிட்டால் கையை இறக்கிவிட்டு அடுத்த சீட்டைப் பார்க்க வேண்டும். யாரும் எழுதிவைக்காத சட்டம். ஆனால் எங்கள் எல்லார் தோளிலும் அது ஊறியிருந்தது.

போட்டி, காலை ஷிப்ட் முடிந்து அடுத்த ஷிப்ட் ஏறுவதற்கு நடுவில், கேன்டீனில் நடந்தது. சவுக்குக் கிளை ஒன்றை நட்டு, சீட்டுக்குள் வைக்கிற ஃபோமில் மிஞ்சிய துண்டுகளைக் கிள்ளிப் பனியாகத் தூவியிருந்தார்கள். மேடம் சிவப்புச் சேலை. மேசைகளில் ஒவ்வொரு அணிக்கும் ஒரு மஞ்சள் பெட்டி. அதன் மேல் சிவப்புப் பட்டன். யார் முதலில் பதில் சொல்வது என்று தெரிய பஸ்ஸர் வேண்டும் என்று மேடம் கேட்க, மெயின்டனன்ஸ்காரர்கள் லைனில் மாட்டாமல் ஸ்டோரில் கிடந்த ஸ்டாப் பட்டன்களையே கொண்டுவந்து ஒயர் இழுத்திருந்தார்கள்.

நான் விளையாட்டாக அதன் மேல் கையை வைக்கப் போனேன்.

"டேய் டேய், அது மேல கைய வெக்காதே" என்று அக்கா என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். நானும் சட்டென்று கையை எடுத்துக்கொண்டேன். அப்போது அதை யாரும் பெரிதாக நினைக்கவில்லை.

முதல் சுற்று தாளில் எழுதுவது. இரண்டாவது, முறை வைத்துக் கேட்பது. பட்டனுக்கு வேலையே வரவில்லை. நான் பறந்தேன். ஜப்பானுக்குக் கோழி, எத்தியோப்பியாவுக்கு ஜனவரி. மெக்சிகோவைக் கேள்வி முடியுமுன் சொல்லி மேடத்திடம் திட்டு வாங்கினேன். ஒவ்வொரு பதிலுக்கும் ப்ரோவைத் திரும்பிப் பார்ப்பேன். அவர் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், பஸ் ஓரச் சீட்டில் குளிருக்கு ஒடுங்குகிறவர் மாதிரி. மற்ற அணிகள் கழன்றன. கடைசியில் நாங்களும் ஆபீஸ் டீமும் சமமாக நின்றோம். பிளானிங், பர்ச்சேஸ் ஆட்கள். ஏசியில் உட்கார்ந்து எங்கள் லைன் எவ்வளவு ஓட வேண்டும் என்று முடிவு செய்கிறவர்கள்.

"ஓகே! ஒரே கேள்வி. யார் முதல்ல பட்டன அமுக்கறாங்களோ அவங்கதான் பதில் சொல்லணும். சரியா சொன்னா ஜெயிச்சாங்க" என்றார் மேடம். அட்டையைத் திருப்பினார். "விலங்கியல்படி பார்த்தா, சான்டாவோட வண்டியை இழுக்கிற பனிமான்கள்..."

அவர் முடிப்பதற்கு முன்னாலேயே அக்காவின் முழங்கை என் விலாவில் ஏறியது. ப்ரோ மூச்சை உள்ளே இழுத்தது கேட்டது. உலகத்தில் உள்ள அத்தனை கேள்விகளிலும் எங்கள் மூன்று பேருக்கும் ஒன்றாகத் தெரிந்த ஒரே கேள்வி. கடவுளே இறங்கிவந்து அட்டையை அடுக்கிவைத்த மாதிரி இருந்தது.

என் இடது கை மேலே போனது.

வலது கை பட்டனுக்கு மேலே போய், தொடாமல், நின்றது. என் முகம் தானாகத் திரும்பியது. முன்வரிசையில் சமோசாவோடு உட்கார்ந்திருந்த எங்கள் லீடரைப் பார்த்தது. எனக்கு மட்டும்தான் அப்படி என்றால் பரவாயில்லை. ப்ரோவும் இடது கையைத் தூக்கியிருந்தார். அக்காவும் தூக்கியிருந்தார். மூன்று கை மேலே, மூன்று முகம் ஒரு பக்கம். லீடர் எங்கள் கைகளைப் பார்த்தார். எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. மேசையைப் பார்த்தார். மேசைக்குக் கீழே பார்த்தார். எதையோ தேடினார். அவர் தாடை அசையவில்லை.

பஸ்ஸர் அடித்தது. எங்களுடையது இல்லை. பிளானிங்கில் இருந்தவர் ஒரு கையில் டீயோடு, இன்னொரு கையால் கதவு மணியை அமுக்குகிற மாதிரி அமுக்கியிருந்தார்.

"பெண்? சும்மா குத்துமதிப்பா சொல்றேன் மேடம்" என்றார்.

கைதட்டினார்கள். எங்கள் கை இன்னும் மேலேயே இருந்தது. பின்னால் யாரோ, "இன்னாடா மூணு பேரும் பாத்ரூம் போவ பர்மிஷன் கேக்கறானுங்க?" என்றான். கேன்டீனே சிரித்தது. லீடர் அப்போதுதான் எழுந்து கத்தினார்: "அமுக்குங்கடா! இன்னாத்துக்குடா என்னப் பாக்கறீங்க?"

இதோடு முடிந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். மேடம் பரிசைச் சொன்னபோது பிளானிங்காரர் சிரித்துக்கொண்டே, "ஆபீஸுக்கு அன்னைக்கு லீவுதானே மேடம், எங்களுக்கு கேக் போதும்" என்றார்.

நான் மேசையைத் தாண்டி ஓடினேன். "மேடம், அப்ப அந்த லீவை ரெண்டாவது வந்தவங்களுக்குக் குடுங்க மேடம். எனக்கு வேணாம், அக்காவுக்கு வேணாம், ஒருத்தருக்குப் போதும்."

"அப்படி மாத்திக் குடுக்கறதுக்கு இல்லப்பா. மேனேஜ்மென்ட்ல கேட்டுப் பாக்கறேன்" என்றார். குரல் கனிவாகவே இருந்தது. கேட்டுப் பார்க்கிறேன் என்றால் என்ன என்று அந்த ரோட்டில் வேலை செய்கிற எல்லாருக்கும் தெரியும்.

ப்ரோ பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து, "எத்தியோப்பியாவுல ஜனவரிலதான" என்றார். "அங்க பொறந்திருக்கலாம்லே." பிறகு கண்ணை மூடிக்கொண்டார். அன்று நான் எழுப்பவில்லை. அவர் தூங்கவும் இல்லை.

மறுநாள் ஷிப்ட் ஏறும்போது லீடர் எங்களிடம் வந்தார். யாரும் கேட்காமலே பேசினார்.

"நான் ஒண்ணும் வேணும்னு உக்காந்துகினு இல்லடா. நீங்க ஜெயிச்சா மூணு பேர் ஷார்ட்டு, அது வேற. ஆனா அப்ப அத்த நெனைக்கல. கை தூக்கினா நான் எவன் மூஞ்சியயும் பாக்க மாட்டேன், சீட்டத்தான் பாப்பேன். இத்தினி வருஷமா அப்படித்தான். அங்கயும் சீட்ட தேடினேன்டா. அங்க சீட்டு இல்ல."

அக்கா, "நீயும் எங்கள மாதிரிதான் அப்போ" என்றார். லீடர் அடுத்த ஸ்டேஷனுக்குப் போய்விட்டார்.

கிறிஸ்துமஸ் அன்று லைன் ஓடியது. தூத்துக்குடிக்கு அப்பால் ஒரு கோயிலில் காலை இரண்டாம் பூசை முடிந்ததும் ஞானஸ்நானம். எங்கள் டீ பிரேக் முடிந்து சாப்பாட்டு மணி அடிப்பதற்கு நடுவில் அது வரும். போன்களை மெயின் கேட் லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். ஷிப்ட் நடுவில் லைனை விட்டு யாரும் வெளியே போகக்கூடாது என்று காலையிலேயே சொல்லிவிட்டார்கள். மேலே இருப்பவர்கள் உண்மையாகவே வந்து, சீட்டுகளை லாரியில் ஏற்றுகிற டிஸ்பாட்ச் பக்கம் கூட்டமாக நின்றார்கள்.

ப்ரோ ஷேவ் செய்து, யூனிஃபார்முக்குள் புதுச் சட்டை போட்டு வந்திருந்தார். காலர் மட்டும் தெரிந்தது. டீ பிரேக் முடிந்ததிலிருந்து சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்ப்பதும் போல்ட் போடுவதுமாக இருந்தார். ஒரு கட்டத்தில் கடிகாரத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டார். அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

"இப்பத்தானா ப்ரோ?"

"இப்பம் எல்லாரும் வரிசயா நிப்பாவ" என்றார். "நம்ம பிள்ள எத்தனாவதுன்னு தெரியல."

என் முன்னால் ஒரு சீட் வந்து நின்றது. நான்கு போல்ட்டும் போட்டேன். நன்றாகத்தான் போட்டேன். அதன் பிறகு, கையைத் தூக்காமல், யாரையும் பார்க்காமல், பட்டனை அமுக்கினேன்.

லைன் நின்றது. சிவப்பு விளக்கு சுற்றியது. மெட்டு கத்தியது. நான் டார்க் கன்னைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். லீடர் ஓடி வந்தார். வழக்கம்போல முதலில் சீட்டைப் பார்த்தார். குனிந்து நான்கு போல்ட்டையும் பார்த்தார். ஒன்றும் இல்லை. பிறகு, நான் அங்கே சேர்ந்ததிலிருந்து முதல் தடவையாக, என் முகத்தைப் பார்த்தார்.

"இன்னா?"

"போல்ட் டார்க் டவுட்டுண்ணா."

டிஸ்பாட்ச் பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். லீடருக்கு நெற்றியில் வேர்த்துவிட்டது. கடிகாரத்தைப் பார்த்தார். ப்ரோவின் காலரைப் பார்த்தார்.

எதிர்ப்பக்கத்திலிருந்து அக்கா சத்தமாகச் சொன்னார்: "எனக்கும் ஒரு டவுட்டு கீதுண்ணே. பின்னாடி போன ரெண்டு சீட்டயும் சேத்து பாத்துடு."

லீடர் எங்களை அப்படியே அறைந்துவிடுவார் என்று நினைத்தேன். அவர் ப்ரோ பக்கம் திரும்பி, கேட் இருக்கிற திசைக்குத் தாடையை ஒரு வெட்டு வெட்டினார்.

ப்ரோ ஓடினார். பாதுகாப்பு ஷூவோடு அந்த மனிதர் அவ்வளவு வேகமாக ஓடுவார் என்று எனக்குத் தெரியாது. லீடர் என் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, சரியாக இருந்த போல்ட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, மெதுவாக, மிக மெதுவாக, மறுபடி முடுக்க ஆரம்பித்தார். "மாட்டினா உன் பேர்தான் சொல்லுவேன், டிப்ளமா" என்றார், நிமிராமலே.

"சொல்லுங்கண்ணா."

பெரியவர்கள் எங்களை நோக்கி நடந்து வந்தபோது லீடரால் அதற்கு மேல் இழுக்க முடியவில்லை. விளக்கை அணைத்தார். மெட்டு நின்றது, லைன் நகர்ந்தது. ப்ரோ இன்னும் வரவில்லை. அவருடைய முதல் சீட்டையும் அடுத்ததையும் நானே போட்டு அனுப்பினேன். மூன்றாவதன் பாதியில் அவர் வந்து சேர்ந்தார். வாயைத் திறந்து மூச்சு வாங்கினார். முகமெல்லாம் ஈரம். கன்னை இழுக்கப் போனார், கை பிடிக்கவில்லை. நான் எட்டி அவருடைய இரண்டு போல்ட்டைப் போட்டேன்.

"சொன்னீங்களா ப்ரோ?"

"மச்சினன் வீடியோ கால ஸ்பீக்கர்ல போட்டு சட்டப் பைல வச்சிருந்தான். ஒண்ணுந் தெரியல, இருட்டு. சாமியார் கேக்கது மட்டும் கேட்டுது." அடுத்த சீட் வந்து நின்றது. இப்போது கன் அவர் கைக்கு வந்துவிட்டது. "பேரு கேட்டாரு. சொன்னேன். வளப்பியான்னு கேட்டாரு. கேட் வாசல்ல நின்னு சத்தம் போட்டுச் சொன்னேன்லே, செக்யூரிட்டி பயந்துட்டாரு."

"அங்க கேட்டுச்சா?"

அவர் நான்கு போல்ட்டையும் முடுக்கி, சீட்டைத் தள்ளிவிட்டார்.

"தெரியல" என்றார். "பிள்ள அழுதுது. அப்பம் லைன் கட்டாயிட்டு."